பக்கத்தில் ஒரு கிடங்கு: வன்னியில் பணிசெய்யும் எல்லாத் திருச்சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம், மன்னார் மறைமாவட்டங்களின் ஆயர் ஆண்டகைகளுக்கும், தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த திருச்சபை, இலங்கைத் திருச்சபை ஆகியவற்றின் பெரியோருக்கும், எங்கள் ஊர்களில் தகரக் கொட்டகை போட்டுச் சபை நடத்துகிற பாஸ்டர்மாருக்கும் வணக்கம்.

ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவர் “அது அவையின்ர பிரச்சினை” என்று ஒதுங்கிவிடுவீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதம். கேட்கப்போவதும் ஒன்றுதான். செத்தவரைப் புதைக்கக் கிடங்கு வெட்டுகிற இடத்தில் சபை பார்க்கக் கூடாது என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மீதிக் கடிதம்.

மாங்குளம்–வெள்ளாங்குளம் வீதியிலிருந்து உள்ளே திரும்பிப் போகிற ஒரு குடியேற்றக் கிராமம் எங்களுடையது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாமரத்தடியில் என்னை நிறுத்திவைத்து விசாரணை நடக்கும். நான் வயற்காரன். குளத்துத் தண்ணீரை நம்பிக் காலபோகமும், தண்ணீர் மிஞ்சினால் சிறுபோகமும் செய்கிறேன். எங்கள் அந்தோனியார் கோயிலில் மூப்பராகப் பதினொரு வருடம். துணை ஆலயம் என்றுதான் பதிவில் இருக்கும், எங்களுக்கு அது கோயில்தான்.

தொண்ணூறு குடும்பம் அளவில் இருக்கிறோம். பாதிக்கு மேல் சைவர்கள். மீதி வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அந்த மீதிக்குள்தான் எங்கள் கோயில், வீதி முகப்பில் ஒரு சின்ன மெதடிஸ்தக் கோயில், வாய்க்காலுக்கு அங்கால் ஒரு தகரச் சபை, அதிலிருந்து பிரிந்துபோன இன்னொரு தகரச் சபை. பிரிந்ததன் காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒலிபெருக்கியை யார் வீட்டில் வைப்பது என்பதில் தொடங்கியது. சரி, நாங்களும் திருநாளுக்குக் கூடு தூக்குவதில் சண்டை பிடித்தவர்கள்தான். அதை விடுவோம்.

இந்தத் தொண்ணூறு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா கட்டுகிறோம். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கத்தின் கதிரையும், தறப்பாளும், தேத்தண்ணிக் கிடாரமும் அந்த வீட்டுக்குப் போகும். சைவ வீடா, வேதக்கார வீடா, அல்லேலூயா வீடா என்று யாரும் கேட்டதில்லை. பெட்டி முற்றத்தைத் தாண்டியதும்தான் கேள்வி வருகிறது.

2018 மார்கழியில் அந்தக் கேள்வி எங்கள் கோயில் விறாந்தைக்கு வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற கிழமை அது. எங்கள் குளமும் வான் பாய்ந்துகொண்டிருந்தது. நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு அக்கா செத்துப்போனா. ஊரில் எல்லோருக்கும் அவ இடியப்பக்கார அக்கா.

அவவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். எங்கள் கோயிலில்தான் கலியாணம் கட்டினவ. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் இங்கேதான். திருநாளுக்கு முதல் நாள் மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்து மினுக்குவது அவவின் வேலை, யாரும் கேட்காமலே செய்வா. புருஷன் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். கோயிலின் கல்லறை வளவான சேமக்காலையில் வேலியோரம், கடைசி வரிசையில் அவருடைய கல்லறை. மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையைத் தூக்கிக்கொண்டு போனவன், இன்றுவரை தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் பந்தல் போட்டுக் குந்தியபோது, இடியப்பம் அவித்து விற்ற காசில் பஸ் பிடித்துப் போய் அந்தப் பந்தலுக்குள் இருந்துவிட்டு வருவா. சைவக் கோயில் வாசலில் ஒரு வேதக்காரி. அவவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

2013 அளவில் அவ எங்கள் கோயிலை விட்டுச் சபைக்குப் போனா. மகளுக்கு வலிப்பு. ஆசுபத்திரி, மருந்து, எல்லாம் பார்த்தாயிற்று. தகரச் சபைப் பாஸ்டர் நாற்பது நாள் ஒரு பின்னேரம் விடாமல் சைக்கிளில் வந்து அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் கஞ்சி குடித்துவிட்டு, கூரையில் ஒழுகிற இடத்துக்கு ஓலை செருகிவிட்டுப் போவார். பிள்ளைக்கு அதனால் சுகம் வந்ததா, மருந்தால் வந்ததா, எனக்குத் தெரியாது. ஏன் போனீங்கள் என்று நான் கேட்டதற்கு அவ சொன்னது மட்டும் காதில் நிற்கிறது. “தம்பி, ஃபாதர் நல்லவருதான். ஆனா எம் பேரு அவருக்குத் தெரியாதே.”

பாதரைக் குறை சொல்லவில்லை. ஒருவருக்கு ஒரு பங்குக் கோயிலும் நாலைந்து துணை ஆலயங்களும் என்றால், எங்களுக்கு மாதத்தில் இரண்டு பூசை கிடைப்பதே பெரிது. அதுவும் மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். இந்த வீதியே குருக்களைத் தின்ற வீதி. 2007 செப்ரெம்பர் 26 அன்று நிவாரணச் சாமானோடு போன பாக்கியரஞ்சித் பாதரை இந்தப் பக்கத்தில்தான் கிளைமோர்க் கண்ணிவெடி கொன்றது. அடுத்த வருடம் ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, பூசை வைத்துவிட்டுத் திரும்பி வந்த கருணாரட்ணம் பாதர், நாங்கள் கிளி பாதர் என்று சொல்பவர், மல்லாவி–வவுனிக்குளம் வீதியில் அதே மாதிரிப் போனார். ஆளில்லாமல் போனது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் பெயர் தெரியாத இடத்திலிருந்து பெயர் தெரிந்த இடத்துக்கு ஒரு மனுசி போனால், அதைத் துரோகம் என்று எழுதிவைக்க எங்களுக்கு என்ன தகுதி?

சபைக்குப் போன பிறகும் ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும், பாதர் சேமக்காலை மந்திரிக்க வருகிற அன்று, அவ வருவா. வாசலால் வரமாட்டா, வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது, அதனால் வருவா. புருஷனின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி. பக்கத்தில் வெறும் மண்ணில் இன்னொன்று. ஒருமுறை நான் கிட்டத்தில் நின்றதால் அவ முணுமுணுத்தது கேட்டது. இரண்டாவது திரியைப் பற்றவைத்துவிட்டு, “எம் புள்ள உசுரோட இருந்தான்னா காத்தடிச்சு இத அணைச்சிரு ஆண்டவரே” என்றா. பிறகு அப்படியே குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தா. அன்றைக்குக் காற்றே இல்லை. கடைசியில் தானே விரலால் அணைத்துவிட்டு எழும்பிப் போனா.

பாஸ்டர்மாரே, இது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்திருந்தால் ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் குத்தியிருப்பீர்கள்.

அந்த அக்கா கடைசியாகக் கேட்டது தன் புருஷனுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்பது. மகள் வந்து சொன்னா. சேமக்காலை எங்கள் கோயிலுடையது. எங்கள் ஆலய சபை கூடியது, இரவு, கரண்ட் இல்லை, ஒரு ரோச் லைற்றைத் தூணில் கட்டிவிட்டுப் பேசினோம். பாதருக்கு வெள்ளத்தைத் தாண்டி வர வழியில்லை. தொலைபேசியில் அரைகுறையாகக் கேட்டது, “நீங்களே கதைச்சு முடிவெடுங்கோ.”

கதைத்தோம். கோயிலை விட்டுப் போனவவுக்குக் கோயில் நிலம் எதற்கு என்றார் ஒருவர். இடம் பற்றாது என்றார் இன்னொருவர். அவையின்ர பாஸ்டர் சேமக்காலைக்குள் மைக் கட்டிப் பிரசங்கம் வைத்தால் யார் நிப்பாட்டுறது என்று மூன்றாவது ஆள். இவ்வளவும் வாயால் வந்தது. வாயால் வராத ஒன்றும் அந்த விறாந்தையில் இருந்தது. எங்கள் சேமக்காலையில் கடைசி வரிசை, வேலியோர வரிசை, யாருடையது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் தீவுப் பகுதியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் காணி கிடைத்து வந்தவர்கள் முன்னுக்கும், பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள் பின்னுக்கும் கிடப்பதைக் கண் உள்ள எவரும் பார்க்கலாம். சபை மாறினதை நாங்கள் சாட்டாகப் பிடித்தோம். முன் வரிசைக் குடும்பம் ஒன்று சபைக்குப் போயிருந்தால் இதே கூட்டம் இதே மாதிரிக் கதைத்திருக்குமா? கதைத்திருக்காது.

பதினொரு பேரில் ஏழு கை “இல்லை” என்று எழும்பியது. நாலாவது கை என்னுடையது.

ஆகவே பொது மயானம். பிரதேச சபைக்குரிய அந்த இடம் ஊரிலிருந்து மூன்று கிலோமீற்றர், காட்டுக்கரையில். வழி தண்ணீருக்குள். சவப்பெட்டியை லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிப் பொலித்தீனால் மூடிக் கொண்டுபோனார்கள். நானும் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. காலையில் வெட்டின கிடங்கு மத்தியானம் பாதிக்கு நிரம்பிவிட்டது. இறைத்தோம். நானும் ஒரு வாளி. இறைக்க இறைக்கக் கரையிலிருந்து கிரவல் கரைந்து விழுகிறது, அடியிலிருந்து ஊறுகிறது. பொழுதும் படுகிறது, யானை வருகிற நேரம். இனிக் காணும் என்று இறக்கினோம். பெட்டி மிதந்தது.

தண்ணீருக்கு மேல் ஒரு பக்கம் சரிந்து, ஒரு வள்ளம் மாதிரி. மகள் அதைப் பார்த்தா. உரப்பைகளில் கிரவலை நிரப்பி மேலே வைத்தோம், அமிழவில்லை. கடைசியில் அந்தப் பாஸ்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிடங்குக்குள் இறங்கினார், இடுப்பளவு தண்ணீர். இரண்டு கையாலும் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “போடுங்கோ, போடுங்கோ” என்றார். நாங்கள் அவரைச் சுற்றி மண் போட்டோம். மண் பாரத்தில் பெட்டி நின்ற பிறகுதான் அவர் ஏறினார். ஜெபம் அதற்குப் பிறகு, நனைந்தபடியே, மைக் இல்லாமல்.

தையில் மகள் போய்ப் பார்த்தபோது சிலுவை இல்லை. யானை நடந்த தடம் மட்டும்.

இதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் நான் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. வாய் திறக்கவைத்தது கொரோனா. 2020இல் அரசாங்கம் கொரோனாவில் செத்த எல்லோரையும் எரிக்கச் சொன்னதே, ஞாபகம் இருக்கும். முஸ்லிம்கள் அழுதார்கள், புதைக்கிற வழக்கமுள்ள எங்கள் ஆட்களும் அழுதார்கள். செத்தவனை அவன் வழக்கப்படி மண்ணுக்குக் கொடுப்பது மனுச உரிமை என்று கோயில்களில் சொன்னோம், நானும் தலையாட்டினேன். 2021 மார்ச்சில், அடக்கம் செய்யலாம், ஆனால் இரணைதீவில் என்று அறிவித்தார்கள். 1992இல் விரட்டப்பட்டு, 2018இல் தாங்களாகவே வள்ளமேறித் திரும்பிப்போன கத்தோலிக்கச் சனத்தின் தீவு அது. அந்தச் சனம் எதிர்த்து நின்றது. பிறகு ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் தீவை எடுத்ததை எதிர்த்த அந்தச் சனத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் வானொலியில் அந்தச் செய்தி போனபோது வீட்டில் என் மனுசி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னா: “கொழும்பு செய்தா அநியாயம். நாங்க செய்தா ஆலய சபை.”

அவ சைவத்திலிருந்து வந்தவ. இப்படித்தான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவா.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது என்று கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு ஆடித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனபோது ஒரு இளம் பாதரைப் பிடித்தேன். குருமடத்தில் படித்தது இன்னும் சூடாக இருக்கிற ஆள். தொலைபேசியிலேயே தேடிக் காட்டினார். திருச்சபைச் சட்டம் 1183: கத்தோலிக்கர் அல்லாத, ஆனால் ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு, அவருடைய சொந்தக் குரு கிடைக்காதபோது, அவருக்கே விருப்பமில்லை என்றிருந்தால் ஒழிய, ஆயரின் தீர்மானப்படி எங்கள் அடக்கச் சடங்கையே செய்யலாம். அதைவிட முக்கியம், 1993இல் உரோமை வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டி, எண் 137. தங்களுக்கென்று இடமில்லாத மற்றச் சபையாருக்கு ஆயர் கோயிலையே வழிபாட்டுக்குக் கொடுக்கலாம், கத்தோலிக்கச் சேமக்காலையில் அடக்கம் செய்யவும் அங்கே அவர்கள் தங்கள் முறைப்படி சடங்கு நடத்தவும் அனுமதிக்கலாம் என்று அச்சொட்டாக இருக்கிறது.

மரத்தடியில் நின்று அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். 1993! நாங்கள் கை தூக்கியது 2018. இடையில் இருபத்தைந்து வருடம். அந்த எண்ணை ஒரு பூசையில், ஒரு மூப்பர் கருத்தரங்கில், ஒரு சுற்றுமடலில் யாராவது எங்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கொடியேற்றத்துக்கு எத்தனை மணி, நோன்பு ஒறுத்தல் காசு எந்தத் திகதிக்குள் என்று சுற்றுமடல் தவறாமல் வருகிறது. அதனால்தான் ஆண்டகைகளே, முதல் பங்கு உங்களுடையது. பொது மயானம் என்றால் பிரதேச சபையிடம் மனுப் போடலாம். கோயில் சேமக்காலைக் கதவை உங்களைத் தவிர வேறு யாரும் எங்களுக்குத் திறந்துவிட முடியாது. நீங்கள் “செய்யலாம்” என்று அனுமதிப்பதைப் போல எழுதினால் எங்கள் ஆலய சபைகள் “செய்யாமலும் விடலாம்” என்று வாசிக்கும். எங்களை எனக்குத் தெரியும். “செய்யுங்கள்” என்று எழுதுங்கள்.

மடுவில் நின்று இதைக் கேட்டதில் எனக்கு இன்னொரு நினைவும் வந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த காலத்தில், 1670 என்று சொல்கிறார்கள், மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் ஓடிவந்தவர்கள்தான் எங்கள் முன்னோர். நாங்கள் கொட்டகைச் சபை மாதிரி இருந்த காலம் அது. குருவில்லை, கோயிலில்லை, உரிமையுமில்லை. 1687இல் யோசேவாஸ் முனிவர் வேடம் மாற்றி வந்து இறங்கும்வரை இந்த நாட்டில் எங்களுக்குப் பூசை வைக்க ஆளில்லை. சண்டைக் காலத்தில் அதே மடு வளவு ஆயிரக்கணக்கான சனத்தை மதம் கேட்காமல் தாங்கியது. 1999 நவம்பர் 20 இரவு கோயிலுக்கே செல் விழுந்து நாற்பதுக்குக் கிட்டச் சனம் செத்தது. மடு மண்ணைப் பாம்புக்கடிக்கு நல்லது என்று சைவ வீடுகளிலும் ஒரு பொட்டலம் முடிந்து வைத்திருப்பார்கள். அந்த மண்ணைப் பகிர எங்களுக்குத் தயக்கமில்லை.

எங்கள் வீதியில் வன்னிவிளாங்குளத்தில் ஒரு துயிலுமில்லம், சண்டையில் செத்த இயக்கப் போராளிகளைப் புதைத்த இடம், இருந்தது. அரசியலை இங்கே கொண்டுவரவில்லை, வரிசையை மட்டும் சொல்கிறேன். எரிக்கிற வழக்கமுள்ள வீட்டுப் பிள்ளையும் புதைக்கிற வழக்கமுள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் கிடந்தார்கள். 2009க்குப் பிறகு அதை இராணுவம் இடித்துத் தள்ளியபோது, செத்தவனின் குழியில்கூடக் கைவைக்கிறார்களே என்று நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் வயிறெரிந்தோம். அதற்கு முன், அந்த வருடத்துச் சித்திரை வைகாசியில், மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள்ளேயே மண்ணைத் தள்ளிவிட்டு ஓடினோம். என் பெரியப்பா அப்படித்தான் போனார். பக்கத்துப் பங்கர்க்காரர் ஒரு மெதடிஸ்தர், அவர்தான் செபம் சொன்னார், “பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே” என்று அவர்கள் சொல்கிற மாதிரி. நாங்கள் “விண்ணுலகிலிருக்கிற” என்று தொடங்குவோம். செல்லடிக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடி “ஆமென்” இல் ஒன்றாக முடிந்தது.

இனிப் பாஸ்டர்மாருக்கு. கிடங்குக்குள் இறங்கின உங்கள் ஆளைப் பற்றி எழுதிவிட்டேன் என்பதற்காக உங்களைச் சும்மா விடப்போவதில்லை. நீங்கள் வருகிறபோது ஒரு வீட்டுக்குள் சுகம் வருகிறது என்பது உண்மை, அதே வீட்டுக்குள் ஒரு மதிலும் வருகிறது. அண்ணன் வீட்டு முப்பத்தோராம் நாள் படையலைச் சாப்பிடாதே, மாமியாரின் திவசத்துக்குப் போகாதே, செத்தவர்களுக்குத் திரி கொளுத்தினால் பிசாசுக்குக் கொளுத்துகிறாய் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள். இங்கே பாதிக் குடும்பங்களுக்குப் புதைத்த இடமே தெரியாது. 2016இல் சட்டம் திருத்தி, காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் வேண்டாம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கமே ஒரு தாளைக் கண்டுபிடித்தது. செத்தான் என்று சொல்ல முடியாத பிள்ளைக்கு ஒரு தாய் என்ன செய்வா? ஒரு திரி கொளுத்துவா. அணைக்கச் சொல்லிக் காற்றைக் கேட்பா. அதில் எந்தப் பிசாசைக் கண்டீர்கள்? செத்தவீட்டுக்குப் போகத் தடைபோடுகிற பிரசங்கத்தை நிறுத்துங்கள். சேமக்காலைக்குள் வந்தால் ஜெபம் செய்யுங்கள், அங்கே ஆள் பிடிக்காதீர்கள். மைக்கை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியும். 2008இல் அரசாங்கத்திடமிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையைக் காட்டி, புதிய வழிபாட்டிடம் என்றாலே அனுமதி எங்கே என்று உங்களை அலைக்கழிக்கிறார்கள். கொட்டகைக்கே பத்திரம் எடுக்க முடியாதவர்களிடம், உங்களுக்கென்று ஒரு சேமக்காலை வாங்குங்கள் என்று சொல்வது பகிடி. அதனால்தான் எங்கள் நிலத்தைக் கேட்கிறேன்.

மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்திய திருச்சபைப் பெரியோரே, உங்களிடம் அதிகம் சண்டை இல்லை. 1947இல் தென்னிந்தியாவில் நாலு வகைச் சபைகள் ஒன்றாகிக் காட்டின, யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்தது. ஒன்றிப்பு வாரம் என்று தையில் கூட்டம் வைப்பதிலும் நீங்கள்தான் முன்னுக்கு. ஆனால் அந்தக் கூட்டம் பட்டணத்தோடு நின்றுவிடுகிறது. பெரிய கோயிலில் ஆயரும் போதகரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், மாங்குளத்துக்கு மேற்கே அந்தப் படம் வருவதே இல்லை. ஒரு வருடமாவது அதை ஒரு குளத்தின் கீழ், ஒரு சேமக்காலைக்குள் வையுங்கள். கதிரைக்கும் தறப்பாளுக்கும் எங்கள் சங்கம் இருக்கிறது.

காசு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். போன வருடம் கனடாவிலுள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் காசில் சுரூபம் வைக்கிற ஒரு கெபி கட்டினோம், அழகான கெபி, நீல மாபிள், இரவில் மின்குமிழ் ஓடும். அதில் ஒரு பங்குக் காசுக்குச் சேமக்காலையைக் காட்டுப் பக்கம் அரை ஏக்கர் நீட்டி யானை வேலியும் போடலாம். இடம் பற்றாது என்று சொன்ன அன்பர் இப்போதும் ஆலய சபையில் இருக்கிறார். போன கிழமை நவம்பருக்காகப் புல்லுச் செருக்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலியோரம், அந்த மனுசனின் கல்லறைக்கு இடது பக்கம், மண்வெட்டிப் பிடியால் இரண்டு பேருமாக அளந்தோம். ஏழடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் கூட அகலம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலிப் பொட்டைச் சுற்றி முள்ளு வளர்ந்திருந்தது, அதைக் கொஞ்சம் வெட்டி விட்டார்.

மகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். தகரச் சபையில்தான் இன்னும் இருக்கிறா. தாயின் எலும்பை எடுத்து மாற்ற வேண்டும் என்று அவ கேட்கவில்லை, எங்கே தோண்டுவது என்றும் யாருக்கும் தெரியாது. தனக்கென்று வரும்போது தகப்பனுக்குப் பக்கத்திலுள்ள அந்த ஏழடியைத் தருவீர்களா என்று மட்டும் கேட்டா. நான் மூப்பர், “ஓம்” என்றேன். ஆனால் நான் நாளைக்குச் செத்தால் அடுத்த மூப்பர் என்ன சொல்வார்? கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று கேட்பது அதற்காகத்தான்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். தாளை எழுதி, எல்லோரும் ஒப்பமிட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில், எங்கள் கோயிலிலும் வீதியோர மெதடிஸ்தக் கோயிலிலும் வாய்க்காலுக்கு அங்கால் இரண்டு கொட்டகையிலும் வாசிக்கச் செய்யுங்கள். நவம்பர் 2க்கு முன் வாசித்தால் நல்லது. அந்தப் பிள்ளை இந்தமுறை வாசலால் வரட்டும்.

இப்படிக்கு,
கை தூக்கிய ஏழு பேரில் ஒருவன்